செங்கல் ஆலைக்குள் எதற்கு ரயில்?

கேள்வியை நான் புரிந்துகொண்ட விதத்தில் முதலில் சொல்லிவிடுகிறேன். பெர்லினில் படிக்கிறீர்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை சைக்கிளையும் ஏற்றிக்கொண்டு வடக்கே சேடெனிக் பக்கம் ரயிலில் போயிருக்கிறீர்கள். அங்கே ஏரிக்கரைப் புல்லுக்குள் இரண்டடி இடைவெளியில் இரண்டு மெல்லிய தண்டவாளங்களும், கீழே குறுகி மேலே விரிந்த துருப்பிடித்த இரும்புத் தொட்டி வண்டி ஒன்றும் கிடந்தன. பக்கத்தில் பழைய செங்கல் ஆலை என்று பலகை. செங்கல்பட்டுப் பக்கத்து ஆளான நீங்கள் சின்ன வயதிலிருந்து சூளைகளைப் பார்த்தவர். மாட்டு வண்டி, டிராக்டர், லாரி தவிர அங்கே வேறெதையும் கண்டதில்லை. ஆகவே கேட்கிறீர்கள்: செங்கல் சுட ரயில் எதற்கு? சுட்ட கல்லை ஏற்றிக்கொண்டு போகவா? கூட வந்த நண்பர் இது போர்க்காலத்து ராணுவத் தண்டவாளம் என்கிறாரே, அது உண்மையா?

கடைசிக் கேள்விக்குப் பாதி ஆம் என்று பதில். நடுக் கேள்விக்குப் பெரும்பாலும் இல்லை. முதல் கேள்விதான் பெரியது. ஏனென்றால் நீங்கள் கேட்பது ஒரு ரயிலைப் பற்றி மட்டுமல்ல. நம்ம ஊர்ச் சூளைக்குத் தேவைப்படாத ஒன்று அவர்கள் சூளைக்கு ஏன் தேவைப்பட்டது என்பதுதான் உள்ளே இருக்கும் கேள்வி.

என்னைப் பற்றி இரண்டு வரி. நான் செராமிக் படித்தவன். இருபது வருடத்துக்கு மேல் ஓடு, செங்கல் ஆலைகளில் சூளைப் பிரிவில் வேலை பார்த்தேன். இப்போது தெற்கு இங்கிலாந்தில் ஒரு பழைய நேரோ கேஜ் (குறுகிய தண்டவாள) பாதையில் சனிக்கிழமை தோறும் சம்பளமில்லாமல் கை அழுக்காக்கிக்கொள்கிறேன். நீங்கள் போன சேடெனிக்கை அடுத்த மில்டன்பெர்க் ஆலை அருங்காட்சியகத்துக்கு இரண்டு முறை போயிருக்கிறேன். சூளை பற்றி நான் சொல்வது தொழில் அறிவு. ரயில் பற்றிச் சொல்வது பைத்தியத்தால் வந்த அறிவு.

நம்ம ஊர் நாட்டுச் சூளையை ஒரு நிமிடம் நினைத்துப் பாருங்கள். மண் எங்கே வெட்டுகிறார்களோ அங்கேயே சேறு மிதிக்கிறார்கள். அதற்குப் பத்தடி தள்ளிக் களம். அச்சில் அறுத்த பச்சைக்கல்லை அந்தக் களத்திலேயே வெயிலில் போடுகிறார்கள். காய்ந்த கல்லை அடுக்கி, விறகு வைத்து, மேலே மண் பூசி நெருப்பு வைத்தால் அதுதான் சூளை. சுட்டு முடித்துக் கல்லை எடுத்துவிட்டால் சூளையே இல்லை. சாம்பல் மேடு மட்டும் மிஞ்சும். அடுத்த வருடம் மண் ஐம்பதடி தள்ளிக் கிடைத்தால் சூளையும் ஐம்பதடி தள்ளிப் போகும். வட இந்தியாவில் நிறையப் பார்க்கிற நீள்வட்டப் பள்ளச் சூளை கொஞ்சம் நிரந்தரமானது. 1876இல் புல் என்ற பிரிட்டிஷ் பொறியாளர் கொண்டுவந்தது அது. அதிலும் கல் அறுப்பது வெட்டுகிற இடத்தை ஒட்டித்தான் நடக்கும். மழை வந்தால் வேலை நிற்கும். தை மாதம் மறுபடி தொடங்கும். சுருக்கமாக, நம்ம ஊரில் சூளை மண்ணைத் தேடிப் போகிறது.

ஐரோப்பாவில் 19ஆம் நூற்றாண்டின் நடுவில் இது தலைகீழானது. காரணம் ஃப்ரீட்ரிக் ஹோஃப்மன் என்பவர் 1858இல் காப்புரிமை வாங்கிய வளையச் சூளை. நீங்கள் பார்த்த ஆலையின் பெரிய செங்கல் கட்டிடமும் நடுவே உயர்ந்த புகைபோக்கியும் அதுதான். உள்ளே வட்டமாக அல்லது நீள்வட்டமாக ஓடும் ஒரு சுரங்க வழி. அதைப் பத்துப் பன்னிரண்டு அறைகளாக, பெரிய சூளை என்றால் இன்னும் அதிகமாக, பிரித்திருப்பார்கள். ஒரு அறையில் நெருப்பு எரியும். அதற்கு முன்னால் உள்ள அறைகளில் இருக்கும் பச்சைக்கல்லை அந்த நெருப்பின் புகைச் சூடு காயவைத்துச் சூடேற்றும். பின்னால் உள்ள அறைகளில் வெந்த கல் ஆறிக்கொண்டிருக்கும். அந்தச் சூட்டை எடுத்துக்கொண்டு வருகிற காற்றுதான் நெருப்புக்கு உணவு. மேல்தளத்தில் நடந்துகொண்டே ஒருவர் சிறு துளைகள் வழியாக நிலக்கரித் தூளைக் கரண்டி கரண்டியாகப் போட, நெருப்பு அறை அறையாக நகரும். கல் நிற்கும், நெருப்பு நடக்கும். பழைய சூளைகளோடு ஒப்பிட்டால் எரிபொருள் மூன்றில் ஒரு பங்குதான் செலவாகும். நம்ம ஊரில் ‘சேம்பர் செங்கல்’ என்று விற்கிறார்களே, அந்தப் பெயரில் இருப்பதும் இந்த அறைதான்.

இந்தச் சூளைக்கு ஒரு பிடிவாதம் உண்டு: அதை அணைக்கக் கூடாது. ஒரு முறை பற்றவைத்தால் மாதக்கணக்கில், சில இடங்களில் ஆண்டுக்கணக்கில், நெருப்பு சுற்றிக்கொண்டே இருக்கும். அணைத்துத் திரும்பச் சூடேற்றினால் மிச்சப்படுத்திய நிலக்கரி எல்லாம் கட்டிடத்தைச் சூடாக்கவே போய்விடும், சுவரும் வெடிக்கும். லட்சக்கணக்கான கல் செலவழித்துக் கட்டிய அந்தக் கட்டிடம் ஓரடி நகராது. இனி மண்தான் சூளையைத் தேடி வந்தாக வேண்டும். தினமும், விடாமல்.

எவ்வளவு மண்? சேடெனிக்கையே எடுத்துக்கொள்வோம். 1887இல் லோவன்பெர்க்–டெம்ப்ளின் ரயில் பாதை போடும்போதுதான் அங்கே நல்ல களிமண் இருப்பது தெரிந்தது. நீங்கள் போன ரயில் அதே பாதையில்தான் ஓடுகிறது. பெர்லின் அப்போது வீங்கிக்கொண்டிருந்தது: 1871இல் சுமார் 8 லட்சம் பேர், 1900இல் கிட்டத்தட்ட 19 லட்சம். அடுக்குக் குடியிருப்புகள் தெருத் தெருவாக எழும்பின. 1910 வாக்கில் சேடெனிக் வட்டாரத்தில் ஏறத்தாழ 60 வளையச் சூளைகள், ஆண்டுக்கு 60 கோடிச் செங்கல் என்ற அளவுக்கு வந்துவிட்டது. சூளைக்கு ஒரு கோடி என்று ஆகிறது. ஆண்டு முழுக்கச் சமமாகப் பிரித்தால் ஒரு சூளைக்கு நாளொன்றுக்குச் சுமார் 30,000 கல்.

ஜெர்மனியில் 1872இல் வகுத்த அளவுப்படி ஒரு கல் 25 × 12 × 6.5 சென்டிமீட்டர். சுட்ட பிறகு எடை மூன்றரைக் கிலோ பக்கம். சுடுவதற்கு முன் ஈர மண்ணாக நாலரைக் கிலோவாவது இருந்திருக்கும், வித்தியாசம் தண்ணீர். அப்படியானால் 30,000 கல்லுக்கு 135 டன் மண். நீங்கள் பார்த்த தொட்டி வண்டியின் வழக்கமான கொள்ளளவு முக்கால் கன மீட்டர். கட்டியும் ஈரமுமாக அள்ளிப் போட்டால் சுமார் 1.2 டன் பிடிக்கும். நூற்றுப் பத்துச் சொச்சம் வண்டி ஆகிறது. பத்து மணி நேர வேலை நாளில் ஐந்தாறு நிமிடத்துக்கு ஒரு வண்டி வந்து கவிழ வேண்டும். இது என் தோராயக் கணக்கு. மண்ணுக்கு மண், ஆலைக்கு ஆலை கொஞ்சம் மாறும். ஆனால் பாதியாகவோ இரண்டு மடங்காகவோ ஆகாது.

இப்போது அந்த மண்ணைப் பற்றி. களிமண் குழிக்குள் மழைக்குப் பிறகு நடந்திருக்கிறீர்களா? செருப்பு மண்ணோடு போய்விடும். அதே மண்ணில் இரும்புப் பட்டை போட்ட மாட்டு வண்டிச் சக்கரம் அச்சு வரை இறங்கும். நல்ல ஈரமான மண் பாதையில் ஒரு டன்னை இழுக்க 100 கிலோவுக்கு மேல் இழுவிசை வேண்டும். சுமாராகப் போட்ட தண்டவாளத்தில் அதே டன்னுக்கு 10 கிலோ சொச்சம் போதும். அதாவது ஒரு ஆள் ஒரு டன் மண்ணைத் தோள் கொடுத்துத் தள்ளிவிடலாம். ஒரு குதிரை நாலைந்து வண்டிகளை இழுக்கும். எஞ்சினே வேண்டாம். பல ஆலைகளில் கடைசி வரை எஞ்சின் இருந்ததில்லை, ஆளும் குதிரையும்தான்.

சரி, நல்ல கல் ரோடு ஒன்று போட்டிருக்கலாமே என்று கேட்கலாம். போடலாம், ஆனால் எதுவரை? குழியில் மண் வெட்டும் முகம் வாரத்துக்கு வாரம் பின்னால் போய்க்கொண்டே இருக்கிறது. இன்று போட்ட ரோடு அடுத்த மாதம் வெட்ட வேண்டிய மண்ணின் மேல் கிடக்கும், அல்லது வெட்டி முடித்த பள்ளத்தின் நடுவில் கிடக்கும். இதற்குத்தான் தூக்கிப் போகக்கூடிய தண்டவாளம். உங்கள் கேள்விக்கு ஒரே வரியில் பதில் வேண்டுமென்றால் இதுதான்: சூளை நகராது, மண் முகம் நகர்ந்துகொண்டே இருக்கும், இரண்டுக்கும் நடுவே தினமும் நீளத்தை மாற்றிக்கொள்ளக்கூடிய ஒரு பாதை வேண்டும்.

இதைப் பெரிய வியாபாரமாக்கியவர் பிரான்சில் பால் டெகோவில். பாரிஸுக்குத் தெற்கே பெத்தி-பூர்க் என்ற இடத்தில் அவர்கள் குடும்பத்துக்குப் பெரிய பண்ணை. 1875 வாக்கில் சர்க்கரைக் கிழங்கு அறுவடை சேற்றில் மாட்டிக்கொள்ள, ஏணி மாதிரி ஒரே துண்டாகச் செய்த தண்டவாளத்தைச் சேற்றின் மேல் கிடத்தி வண்டி ஓட்டினார். ஏணி என்று சொன்னது சும்மா இல்லை. தண்டவாளம் இரண்டும் அதன் கால்கள், இரும்புக் கட்டைகள் அதன் படிகள். ஜல்லி இல்லை, ஆணி இல்லை. ஜெர்மனியில் 1876இல் தொடங்கிய ஓரென்ஸ்டைன் உண்ட் கோப்பல் நிறுவனம் இதையே உலகம் முழுக்க விற்றது. ஜெர்மன் பெயர் ஃபெல்ட்பான், அதாவது வயல் ரயில்.

நம் அகலப் பாதையில் இப்போது போடும் தண்டவாளம் மீட்டருக்கு 60 கிலோ. குழிக்குள் போட்டது மீட்டருக்கு 7 கிலோ பக்கம். ஐந்து மீட்டர் துண்டு ஒன்று கட்டைகளோடு சேர்த்து நூறு கிலோ அளவில் வரும். முன்னால் ஒருவர், பின்னால் ஒருவர் இரண்டு தண்டவாளத்துக்கும் நடுவில் நின்று பிடித்தால் தூக்கிவிடலாம். நான் தூக்கியிருக்கிறேன். முதல் துண்டு வேடிக்கையாக இருக்கும், பத்தாவதில் இடுப்பு பேசும். கிளைப் பாதை வேண்டுமா? தண்டவாளத்தை வெட்டவே வேண்டாம். சரிவாகச் செதுக்கிய ஒரு கிளைத் துண்டை இருக்கிற பாதையின் மேலேயே ஏற்றி வைத்துவிடுவார்கள். வண்டி அதன் மேல் ஏறித் திரும்பிப் போகும். இன்னும் எளிய வழி ஒரு கனமான இரும்புத் தகடு. வண்டியைத் தண்டவாளத்திலிருந்து தகட்டின் மேல் இறக்கி, கொஞ்சம் தண்ணீர் ஊற்றி, இரண்டு பேர் பிடித்துத் திருப்பி, குறுக்கே உள்ள இன்னொரு தண்டவாளத்தில் ஏற்றிவிடுவது. ரயில்வே பொறியாளர் யாரும் இதைப் பார்த்தால் கண்ணை மூடிக்கொள்வார். ஆனால் மணிக்கு ஐந்து கிலோமீட்டர் வேகத்துக்கு இது தாராளம்.

குழியிலிருந்து ஆலை வரை பாதை ஒரே மட்டத்தில் இருக்காது. வண்டிகள் கடைசியில் ஒரு சாய்தளத்தை அடையும். அங்கே கம்பி வடத்திலோ சங்கிலியிலோ மாட்டி, ஒன்றொன்றாக ஆலையின் மேல்மாடிக்கு இழுப்பார்கள். மாடிக்கு எதற்கு? மண்ணை ஒரு முறை மேலே ஏற்றிவிட்டால் மற்றது தானாக நடக்கும். கட்டி உடைக்கும் உருளைகள், பிசையும் எந்திரம், கல் தள்ளும் பிரஸ் என்று ஒன்றன்கீழ் ஒன்றாக விழுந்து தரைத்தளத்தில் பச்சைக்கல்லாக வெளியே வரும். மில்டன்பெர்க்கில் அந்தச் சாய்வான கூரை போட்ட வழியை நீங்கள் ஏதோ படிக்கட்டு என்று நினைத்துக் கடந்திருப்பீர்கள்.

அந்தத் தொட்டி வண்டியைப் பற்றியும் சொல்ல வேண்டும், எனக்கு அதன் மேல் தனிப் பிரியம். ஜெர்மன்காரர்கள் இதை லோரே என்பார்கள். ஆங்கிலத்து லாரிதான் அங்கே போய் லோரே ஆனது. லாரி என்ற சொல்லே முதலில் தட்டையான, தாழ்ந்த வண்டியைக் குறித்தது; தண்டவாளத்தில் ஓடியதற்கும் அந்தப் பெயர்தான். இந்திய ரயில்வேயின் விதிப் புத்தகத்தில் இன்றும் பாதைச் சாமான் ஏற்றித் தள்ளும் வண்டிக்குப் பெயர் லாரி. ஆக, உங்கள் ஊர்ச் சூளைக்கு வரும் லாரியும் ஏரிக்கரையில் கிடந்ததும் பெயரளவில் பங்காளிகள். தொட்டி இரண்டு முனையிலும் வளைந்த தாங்கியின் மேல் உட்கார்ந்திருக்கும். நிரம்பியிருக்கும்போது எடை மேலே இருக்கும். கொக்கியை விடுவித்துக் கையால் லேசாகத் தள்ளினால் பக்கவாட்டில் உருண்டு கவிழும். காலியானதும் எடைப்புள்ளி இறங்கிவிடுவதால் நிமிர்த்துவது சுலபம். மணல், ஜல்லி, நிலக்கரி எதற்கும் இது அற்புதமாக வேலை செய்யும்.

களிமண்ணுக்கு மட்டும் எச்சரிக்கை. களிமண் ஒட்டும். நான் சேர்ந்த முதல் வருடம், பார்வையாளர்களுக்குக் காட்ட ஒரு தொட்டி ஈரக் களிமண்ணைக் கவிழ்க்கச் சொன்னார்கள். கொக்கியை விட்டேன், தள்ளினேன். தொட்டி சாய்ந்தது, மண் அசையவில்லை. ஒரு டன் எடை முழுதும் ஒரு பக்கம் தொங்க, எதிர்ப்பக்கச் சக்கரங்கள் தண்டவாளத்தை விட்டு மெல்ல எழும்பின. அப்புறம் வண்டியே மண்ணோடு சரிவில் உருண்டது. நான் சரியான பக்கம் நின்றிருந்தேன், அவ்வளவுதான். பழைய ஆட்கள் தொட்டியின் உட்புறத்தை நனைப்பதும், எண்ணெய் தடவுவதும், மரச் சம்மட்டியால் வயிற்றில் தட்டிக்கொண்டே கவிழ்ப்பதும் ஏன் என்று அன்று தெரிந்தது. பழைய தொட்டிகளைப் பார்த்தால் ஒரே இடத்தில் நசுங்கியிருக்கும். விபத்து என்று நினைக்காதீர்கள், அது சம்மட்டியின் தழும்பு.

சரி, சுட்ட கல்லை ரயிலில் ஏற்றினார்களா? சில இடங்களில் ஏற்றினார்கள், ஆனால் அது இரண்டாம்பட்சம். பிரஸ்ஸிலிருந்து உலர்த்தும் கொட்டகைக்குப் பச்சைக்கல்லைக் கொண்டுபோக, அலமாரி மாதிரி தட்டுத் தட்டாக அடுக்கிய வண்டிகள் உண்டு. நம்ம ஊர் வெயில் அங்கே கிடையாது, கல் கொட்டகை நிழலில் வாரக்கணக்கில் காய வேண்டும். ஒரு இரவு உறைபனி பட்டால் பச்சைக்கல் பொரிந்துபோகும். சூளை அறைக்குள்ளே பெரும்பாலும் கைவண்டிதான், ஏனென்றால் வளைந்த சுரங்கத்தில் தாழ்ந்த வாசல் வழியாக ஒற்றைச் சக்கர வண்டி போகிற இடத்துக்குத் தண்டவாளம் போகாது. சுட்ட கல் சூளை வாசலிலிருந்து ஆற்றங்கரைக்குத்தான் போக வேண்டும். அந்தக் கொஞ்ச தூரத்துக்குத் தண்டவாளம் இருந்தது. அங்கிருந்து ஹாஃபல் ஆற்றில் படகு. பெர்லின் படகிலிருந்து கட்டப்பட்டது என்று அந்த ஊர்க்காரர்கள் சொல்வது இதனால்தான். ஆக, அந்தச் சின்ன ரயில் பெர்லினுக்குப் போனதே இல்லை. பெரும்பாலும் குழிக்கும் மாடிக்கும் நடுவே ஒன்றிரண்டு கிலோமீட்டருக்குள் சுற்றிக்கொண்டிருந்த ரயில் அது.

நண்பர் சொன்ன ராணுவக் கதைக்கு வருகிறேன். 60 சென்டிமீட்டர் பாதையை ராணுவங்கள் விரும்பியது உண்மை. பிரெஞ்சு ராணுவம் 1880களின் இறுதியில் அதை எடுத்துக்கொண்டது, ஜெர்மன் ராணுவமும் அதே அளவைத்தான் வைத்துக்கொண்டது. முதல் உலகப் போரில் போர்முனைக்குப் பீரங்கிக் குண்டு கொண்டுபோக இரு தரப்பும் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் போட்டன. பிரிட்டிஷ்காரர்கள் 1916இலிருந்து மும்முரமாக இறங்கினார்கள். போர் முடிந்ததும் தண்டவாளம், தொட்டி, எஞ்சின் எல்லாம் மலிவு விலைக்குச் சந்தைக்கு வந்தன. மணல் குவாரிகளும் செங்கல் ஆலைகளும் அள்ளிக்கொண்டன. இங்கிலாந்தின் பெட்ஃபர்டில் மோட்டார் ரெயில் என்ற நிறுவனம் போருக்காகச் செய்த சிம்ப்ளெக்ஸ் பெட்ரோல் எஞ்சின்கள் இதில் பெயர்போனவை. 1919இல் திறந்த லெய்டன் பஸ்ஸார்ட் மணல் ரயில் போரில் மிஞ்சிய சாமானை வைத்துத்தான் ஓடியது. நான் சனிக்கிழமைகளில் ஓட்டுவதும் அந்த வம்சத்து எஞ்சின்தான், பிற்காலத்து டீசல் பேரன். ஓட்டுநர் பக்கவாட்டில் உட்கார வேண்டும், இரண்டு பக்கமும் கழுத்தைத் திருப்பினால் போதும் என்பதற்காக. கியரும் அப்படியே, முன்னுக்கும் பின்னுக்கும் ஒரே வேகங்கள். குழிக்குள் போய் எஞ்சினைத் திருப்பிக்கொண்டு வர இடம் ஏது? காலையில் கைப்பிடியைச் செருகி, வால்வை விடுவித்து, மூச்சைப் பிடித்து நாலு சுற்றுச் சுற்றி, வால்வைப் போட்டதும் டக் டக் என்று பிடித்துக்கொண்டால் அன்று நல்ல நாள்.

ஆனால் நீங்கள் பார்த்த குறிப்பிட்ட தண்டவாளம் ராணுவத்திலிருந்து வந்ததா என்பதை அதன் அகலத்தை வைத்துச் சொல்ல முடியாது. செங்கல் ஆலைகள் போருக்கு முன்பே இந்த அளவில் வாங்கிக்கொண்டிருந்தன. ராணுவம்தான் தொழிற்சாலைகளைப் பார்த்துக் கற்றது என்றுகூடச் சொல்லலாம். அப்புறம் சேடெனிக் ஆலைகள் கிழக்கு ஜெர்மனிக் காலத்திலும் தொடர்ந்து ஓடி, 1991இல்தான் நின்றன. அருங்காட்சியகத்தில் நீங்கள் பார்த்திருக்கக்கூடிய சின்ன டீசல் எஞ்சின் பெரும்பாலும் பாபெல்ஸ்பெர்க்கில் கார்ல் மார்க்ஸ் பெயர் கொண்ட அரசு ஆலை செய்ததாக இருக்கும். அதற்கும் எந்தப் போருக்கும் சம்பந்தமில்லை.

ரயில் ஆர்வலர்கள் எழுதும்போது தாண்டிப் போகிற ஒரு விஷயத்தை நான் தாண்ட விரும்பவில்லை. உங்கள் ரயில் ஒரானியன்பர்க் வழியாகத்தான் போயிருக்கும். அங்கே 1938இல் நாஜிகளின் எஸ்எஸ் படை, சாக்ஸன்ஹவுசன் வதைமுகாம் கைதிகளை வைத்து ஒரு மாபெரும் செங்கல் ஆலை கட்டத் தொடங்கியது, ஹிட்லரின் புதிய பெர்லினுக்குக் கல் செய்ய. அதே ஆண்டு ஹாம்பர்க் அருகே நோயென்காமே என்ற இடத்தில் மூடிக்கிடந்த செங்கல் ஆலை ஒன்றில் இன்னொரு முகாம். அங்கே களிமண் குழியில் மண் வெட்டி இதே மாதிரித் தொட்டிகளில் நிரப்பி, இதே மாதிரித் தண்டவாளத்தில் தள்ளியவர்கள் கைதிகள். மேலே நான் ஒரு ஆள் ஒரு டன்னைத் தள்ளலாம் என்று எழுதினேனே, அது வயிறு நிறையச் சாப்பிட்டவனின் கணக்கு. நோயென்காமேயிலும் அதன் கிளை முகாம்களிலுமாக அடைக்கப்பட்ட ஒரு லட்சத்துக்கு மேற்பட்டவர்களில் 42,900 பேராவது இறந்தார்கள். கைதிகளை வைத்து எஸ்எஸ் அங்கே பிறகு கட்டிய புதிய ஆலையின் கட்டிடம் இன்று நினைவிடத்தின் பகுதி. தொட்டி வண்டியும் அங்கே நிற்கிறது. அதைப் பார்த்த பிறகு எங்கள் பாதையில் குழந்தைகளை ஏற்றிக்கொண்டு போகும்போது சில நாள் என் கை கைப்பிடியில் சும்மா இருந்ததில்லை.

இந்த ரயில்கள் ஏன் மறைந்தன என்று நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் ஒரு பத்தி. 1950களுக்குப் பிறகு பெரிய ரப்பர் சக்கரம் போட்ட டம்பர்களும் கன்வேயர் பெல்ட்டும் வந்தன. சேற்றில் இறங்காத சக்கரம் கிடைத்துவிட்டால் தண்டவாளத்துக்கு வேலை இல்லை. குழியிலிருந்து ரயில் போனது. ஆனால் சூளைக்குள் வந்தது! இப்போதைய டனல் சூளையில் கல்லை அடுக்கிய வண்டிகள் தண்டவாளத்தில் நீண்ட சுரங்கத்துக்குள் மெதுவாக நகரும். நெருப்பு நடுவில் ஒரே இடத்தில் எரியும். ஹோஃப்மன் செய்ததற்கு நேர் எதிர்: நெருப்பு நிற்கும், கல் நடக்கும். என் வேலைக் காலம் முழுதும் நான் காவல் காத்த ரயில் அதுதான், மணிக்கு இரண்டு மீட்டர்கூட ஓடாத ரயில்.

அப்புறம் அந்த ஏரிகள். அவை இயற்கை ஏரிகள் அல்ல, மண் வெட்டிய குழிகள். பம்பு ஓடும் வரைதான் குழி காய்ந்திருக்கும். வெட்டி முடித்துப் பம்பை நிறுத்தினால் நிலத்தடி நீர் ஏறிவிடும். ஐம்பதுக்கும் குறையாமல் அங்கே உண்டு. அதனால்தான் உங்கள் தண்டவாளம் கரையோடு நிற்காமல் தண்ணீருக்குள் இறங்குகிற மாதிரி தெரிந்தது. அது உண்மையாகவே இறங்குகிறது.

அடுத்த முறை போனால் ஒரு டேப்பும் கம்பி பிரஷ்ஷும் எடுத்துப் போங்கள், அருங்காட்சியக எல்லைக்குள் என்றால் கேட்டுவிட்டுத் தொடுங்கள். தண்டவாளத் தலைகளின் உள்விளிம்பிலிருந்து உள்விளிம்புக்கு அளக்க வேண்டும், நடுவிலிருந்து நடுவுக்கு அல்ல. தேய்ந்த பாதை பத்து மில்லிமீட்டர் அகலமாகக் காட்டும், அதனால் 608 வந்தால் குழம்ப வேண்டாம், அது 600தான். பிறகு தண்டவாளத்தின் பக்கவாட்டு இடுப்புப் பகுதியைத் துரு போகத் தேயுங்கள். தண்டவாளத்தை உருட்டிச் செய்த ஆலையின் பெயரும் ஆண்டும் புடைப்பெழுத்தில் இருக்க வாய்ப்புண்டு. 1914க்கும் 1918க்கும் நடுவில் ஆண்டு இருந்தால் உங்கள் நண்பர் சொன்னதற்குக் கொஞ்சம் பலம் கூடும். எதுவாக இருந்தாலும் படம் எடுத்து இங்கேயே போடுங்கள், எழுத்தை நான் படித்துச் சொல்கிறேன்.